எதை எண்ணிக் காசு கேட்கிறார்கள்? ஏபிஐ கேட்வே: வாசகர் கேள்விகள், பதில்கள்

ஒரு மென்பொருள் இன்னொன்றைக் கூப்பிட்டு வேலை வாங்கும் வழி ஏபிஐ. அந்த வழியில் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பையும் நிறுத்தி, யார் என்று கேட்டு, அளவு பார்த்து உள்ளே விடும் மென்பொருள்தான் ஏபிஐ கேட்வே. அதன் விலை, லைசென்ஸ் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். டாலரில் சொல்லியிருப்பவை அமெரிக்கப் பகுதிக்கான பட்டியல் விலைகள். பகுதிக்குப் பகுதி மாறும், அவ்வப்போது திருத்துவார்கள். ஆர்டர் போடும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கே: எங்கள் ஆப்புக்குச் சராசரியாக விநாடிக்கு 200 அழைப்புகள் வருகின்றன. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் ஏபிஐ கேட்வேயில் பத்து லட்சம் அழைப்புக்கு 3.50 டாலர்தான் என்கிறார்கள். இவ்வளவு மலிவா? (கோவை வாசகர்)

ப: கணக்குப் போட்டுவிடுவோம். விநாடிக்கு 200 என்றால் 30 நாளுக்கு 51.84 கோடி அழைப்புகள். ரெஸ்ட் ஏபிஐ வகையில் முதல் 33.3 கோடிக்குத்தான் அந்த 3.50 டாலர், அதற்கு மேல் பத்து லட்சத்துக்கு 2.80. ஆக 1,165 டாலரும் 519 டாலரும் சேர்ந்து மாதம் ஏறக்குறைய 1,685 டாலர்.

இது கேட்வேயின் பங்கு மட்டும். பில்லில் இன்னும் மூன்று வரிகள் வரும். ஒரு பதில் சராசரியாக 6 கேபி என்றால் மாதம் 3,110 ஜிபி வெளியே போகிறது. இலவச 100 ஜிபி போக, ஜிபிக்கு 9 சென்ட் வீதம் சுமார் 270 டாலர். முன்னால் வாஃப் (தாக்குதல் அழைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால்) வைத்தால் பத்து லட்சம் அழைப்புக்கு 60 சென்ட். அது ஒரு 311 டாலர், விதிகளுக்கான மாதக் கட்டணம் தனி. அழைப்புக்கு 1 கேபி லாக் (பதிவு) எழுதினால், அதைச் சேர்த்துவைக்கும் ஏடபிள்யூஎஸ்ஸின் கிளவுட்வாட்ச் ஜிபிக்கு 50 சென்ட் கேட்கும். அது 259 டாலர். மொத்தம் 2,525 டாலர் பக்கம் வந்துவிட்டது. நீங்கள் பார்த்த விலை இதில் மூன்றில் இரண்டு பங்குதான். யாராவது பிழை தேடுவதற்காக முழு ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் லாகை புரொடக்‌ஷனில் திறந்துவிட்டு அணைக்க மறந்தால், லாக் செலவு கேட்வே செலவையே தாண்டும். மாத நடுவில் பில் திடீரென்று எகிறினால் முதலில் இதைப் பாருங்கள்.

வசதிகள் குறைந்த எச்டிடிபி ஏபிஐ வகைக்கு மாறினால் முதல் 30 கோடிக்கு பத்து லட்சத்துக்கு 1 டாலர், பிறகு 90 சென்ட். உங்கள் அளவுக்கு 497 டாலரில் முடியும். ஆனால் ஏபிஐ கீ (ஆளுக்கொரு சாவி), யூசேஜ் பிளான் (ஆளுக்கொரு அளவு), ரிக்வெஸ்ட் சரிபார்ப்பு, கேஷ் (பதிலைச் சேமித்துத் திரும்பத் தரும் வசதி) எதுவும் அதில் கிடையாது. வாஃபை நேராகப் பொருத்தவும் முடியாது. முன்னால் கிளவுட்ஃப்ரன்ட் என்ற ஏடபிள்யூஎஸ் விநியோகச் சேவையை வைத்துத்தான் ஆகவேண்டும். மேலும் 512 கேபிக்கு ஓர் அழைப்பு என்று எண்ணுவதால், பெரிய கோப்புகள் போய்வரும் ஏபிஐயில் எண்ணிக்கை பெருகும். கூட்டாளி நிறுவனங்களுக்கு ஆளுக்கொரு அளவு வைத்து விற்கிறீர்களா? அந்த ஏபிஐகளை மட்டும் ரெஸ்டில் வைத்துக்கொண்டு, சொந்த ஆப் கூப்பிடுபவற்றை எச்டிடிபிக்கு மாற்றுங்கள்.

கேஷ் போட்டால் பில் குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். கேஷிலிருந்து பதில் போனாலும் அது ஓர் அழைப்புதான். அதற்கு மேல் கேஷுக்கு மணிக்கணக்கில் தனி வாடகை. மிச்சமாவது பின்னால் இருக்கும் சர்வரின் சுமை.

கே: ஒரு நிறுவனம் "ஆண்டுக்கு 100 கோடி அழைப்புகள்" என்று கொட்டேஷன் தந்திருக்கிறது. எங்கள் அப்ளிகேஷன் லாகின்படி 60 கோடிதான் வருகிறது. மொத்தம் 40 ஏபிஐகள். கையெழுத்துப் போடலாமா? (சென்னை வாசகர்)

ப: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். அப்ளிகேஷன் லாகில் இருப்பது பின்னால் வந்து சேர்ந்தவை. கேட்வே எண்ணுவதோ வாசலில் தட்டிய எல்லாவற்றையும்.

முதலில் ஹெல்த் செக், அதாவது ஏபிஐ உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அழைப்பு. ஒவ்வொரு ஏபிஐயையும் மூன்று இடங்களிலிருந்து 5 விநாடிக்கு ஒருமுறை கேட்வே வழியாகச் சோதிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஓர் ஏபிஐக்கு நாளைக்கு 51,840. நாற்பதுக்கும் ஆண்டு முழுக்கப் போட்டால் சுமார் 75 கோடி! உங்கள் வாடிக்கையாளர்கள் மொத்தமும் சேர்ந்து அனுப்புவதைவிட அதிகம். பின்னால் இருக்கும் சர்வர்களை உள் நெட்வொர்க்கில் நேராகச் சோதியுங்கள். கேட்வே வழியாக ஒரே ஒரு பாதையை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

அடுத்தது பிரவுசர் அனுப்பும் ப்ரீஃபிளைட். வேறு டொமைனில் இருக்கும் வெப் பக்கத்திலிருந்து ஏபிஐயைக் கூப்பிட்டால், டோக்கன் (அடையாளச் சீட்டு) தாங்கிய ஹெடர் இருக்கும் அழைப்புக்கு முன்னால் பிரவுசர் ஒரு ஆப்ஷன்ஸ் அழைப்பு அனுப்பி அனுமதி கேட்கும். அனுமதி எவ்வளவு நேரம் செல்லும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் 5 விநாடியில் மறந்துவிடும். வெப் வழி அழைப்புகள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். மேக்ஸ்-ஏஜ் ஹெடரை 7200 என்று வையுங்கள். குரோம் அதற்கு மேல் ஏற்காது, ஃபயர்பாக்ஸ் 86400 வரை ஏற்கும். ஒவ்வொரு யூஆர்எல்லுக்கும் தனித்தனியாகத்தான் நினைவு வைக்கும் என்பதால், ஐடியைப் பாதையில் சேர்க்கும் ஏபிஐகளில் இந்த வைத்தியம் அரைகுறையாகத்தான் பலிக்கும். ஆப்பையும் ஏபிஐயையும் ஒரே டொமைனில் வைத்தால் ப்ரீஃபிளைட்டே வராது.

பிறகு மொபைல் ஆப்பின் மறுமுயற்சிகள், காலாவதியான டோக்கனால் திரும்பும் 401 பிழைகள், அளவு மீறித் திரும்பும் 429 பிழைகள், ஒரு சர்வீஸ் இன்னொன்றைக் கேட்வே வழியாகவே கூப்பிடுவது. இவற்றில் எது கணக்கில் சேரும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஏடபிள்யூஎஸ்ஸில் அனுமதி மறுக்கப்பட்டவைக்கும் அளவு மீறித் தடுக்கப்பட்டவைக்கும் காசு கிடையாது. உங்கள் ஒப்பந்தத்தில் "அழைப்பு" என்பதன் வரையறை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். இல்லாவிட்டால் எழுதி வாங்குங்கள். முன்னால் நின்று அழைப்புகளைப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சரின் லாகை ஒரு மாதத்துக்கு எடுத்து, மெதட் வாரியாகவும் ஸ்டேட்டஸ் கோட் வாரியாகவும் பிரித்துவிட்டு அப்புறம் பேரத்துக்கு உட்காருங்கள்.

கே: காங் என்ற கேட்வேயின் ஓப்பன் சோர்ஸ் பதிப்பே போதும் என்கிறது எங்கள் டீம். காசு கொடுத்து வாங்கும் என்டர்பிரைஸ் பதிப்பு எதற்கு? (மதுரை வாசகர்)

ப: பலருக்கு ஓப்பன் சோர்ஸே போதும். அப்பாச்சி 2.0 லைசென்ஸ், டேட்டாபேஸ் இல்லாமல் ஒரே யாம்ல் அமைப்புக் கோப்பில் ஓட்டலாம், கீ சரிபார்ப்பு, ஜேடபிள்யூடி (கையொப்பமிட்ட டோக்கன்) சரிபார்ப்பு, ரேட் லிமிட் (அழைப்பு வரம்பு) எல்லாம் உண்டு. மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில இருக்கின்றன.

லாகின் சர்வரோடு இணைக்கும் ஓபன்ஐடி கனெக்ட் பிளகின் என்டர்பிரைஸில்தான். இலவச ஜேடபிள்யூடி பிளகினை வைத்து கீகிளோக் என்ற லாகின் சர்வரோடு சமாளிக்கலாம்தான். ஆனால் பொதுச் சாவியை நீங்களே கையால் பதியவேண்டும், அது தானாகப் போய் எடுத்துவராது. கீகிளோக்கில் சாவி மாறியபின் புதிய டோக்கனோடு வரும் எல்லோருக்கும் 401 விழும். இதற்காக மட்டும் என்டர்பிரைஸ் வாங்க நினைத்தால், அப்பாச்சி ஏபிசிக்ஸ் என்ற இன்னொரு கேட்வேயை ஒருமுறை பாருங்கள். அதில் ஓபன்ஐடி கனெக்ட் இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது.

ரேட் லிமிட்டை லோக்கல் என்று வைத்தால் ஒவ்வொரு நோடும் (கேட்வே ஓடும் சர்வர்) தனியாக எண்ணும். மூன்று நோட், வரம்பு 100 என்றால் உண்மையில் 300 வரை போகும். ரெடிஸ் என்ற டேட்டாபேஸைப் பொதுவாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

கேட்வேயின் அமைப்பை மாற்றும் அட்மின் ஏபிஐ 8001 போர்ட்டில் இருக்கிறது. யார் எதை மாற்றலாம் என்ற ஆள்வாரி அனுமதி ஓப்பன் சோர்ஸில் இல்லை. டாக்கரில் எல்லா முகவரிக்கும் அதைத் திறந்துவைத்தால், நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் உங்கள் ரூட்டுகளை (எந்த அழைப்பு எங்கே போகும் என்ற விதிகளை) மாற்றலாம். லோக்கல்ஹோஸ்டோடு கட்டிவிட்டு, மாற்றங்களை கிட் வழியாக மட்டும் அனுப்புங்கள். 3.10 பதிப்பிலிருந்து ஓப்பன் சோர்ஸுக்குத் தயார் டாக்கர் இமேஜும் வெளியிடுவதில்லை. நீங்களே பில்ட் செய்து, பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் திரும்பவும் பில்ட் செய்யவேண்டும். அந்த வேலைக்கு ஒரு ஆளின் நேரம் டீமில் இருக்கிறதா என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

கே: ஐபிஎம் ஏபிஐ கனெக்ட் விபிசி (விர்ச்சுவல் பிராசஸர் கோர்) கணக்கில் 8 வாங்குகிறோம். தலா 4 விர்ச்சுவல் கோர் உள்ள இரண்டு விஎம்கள் (விர்ச்சுவல் மெஷின்கள்). அவை ஓடும் விஎம்வேர் கிளஸ்டரில் 4 ஹோஸ்ட் (பிசிக்கல் சர்வர்), தலா 32 கோர். கணக்கு சரிதானே? (பெங்களூரு வாசகர்)

ப: 8 என்பது சப்-கெப்பாசிட்டி (விஎம்முக்கு ஒதுக்கிய கோரை மட்டும் எண்ணும்) சலுகைக்குள் இருக்கும்வரை சரி. அந்தச் சலுகைக்கு நிபந்தனை உண்டு. ஐஎல்எம்டி என்ற அவர்களின் அளவைக் கருவியை, முதல் பயன்பாட்டிலிருந்து 90 நாளுக்குள் நிறுவவேண்டும். காலாண்டுக்கு ஒரு ரிப்போர்ட்டாவது எடுக்கவேண்டும், இரண்டு ஆண்டு பத்திரப்படுத்தவேண்டும். ரிப்போர்ட் இல்லையென்றால் ஆடிட்டில் முழுக் கெப்பாசிட்டி, அதாவது அந்த விஎம் ஓடக்கூடிய ஹோஸ்ட்களின் எல்லா பிசிக்கல் கோர்களும் கணக்கில் வரும். உங்களுக்கு 128. பதினாறு மடங்கு.

கருவி இருந்தும் சிலர் தவறுவது இப்படி: லோட் டெஸ்ட்டுக்காக 4 கோரை இரண்டு நாளைக்கு 8 ஆக்குவார்கள், பிறகு குறைப்பார்கள். ரிப்போர்ட்டில் நிற்பது அந்தக் காலாண்டின் உச்ச அளவு. சோதனைக்குத் தனி விஎம் வைத்து, அதற்கு என்ன லைசென்ஸ் என்று முன்பே கேட்டுவிடுங்கள். டிஆர் (பேரிடர் மீட்பு) தளத்தில் நிறுவி அணைத்து வைத்திருந்தாலோ, எந்த வேலையும் செய்யாமல் சும்மா ஓடினாலோ லைசென்ஸ் வேண்டாம். டேட்டா ஒத்திசைவு போன்ற வேலை செய்தால் வேண்டும். கன்டெய்னரில் ஓட்டுவதானால் ஐஎல்எம்டிக்குப் பதில் லைசென்ஸ் சர்வீஸ் என்ற ஐபிஎம் கருவி.

கே: டபிள்யூஎஸ்ஓ2 எங்கள் கொழும்பில் பிறந்த ஓப்பன் சோர்ஸ் நிறுவனம். அப்படியிருக்க சந்தா எதற்கு? (யாழ்ப்பாண வாசகர்)

ப: 2005இல் தொடங்கியது, 2024இல் ஈக்யூடி முதலீட்டு நிறுவனம் வாங்கியது. அவர்களின் கேட்வேயான ஏபிஐ மேனேஜரின் சோர்ஸ் அப்பாச்சி 2.0தான், புரொடக்‌ஷனில் ஓட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. காசு வாங்குவது ஆதரவுக்கும், வெளிவந்த பதிப்புக்குத் தொடர்ந்து வரும் அப்டேட்டுகளுக்கும். சந்தா இல்லாதவர் திருத்தத்தைத் தானே சோர்ஸிலிருந்து எடுத்து பில்ட் செய்யவேண்டும், அல்லது அடுத்த பதிப்புக்குத் தாவவேண்டும். 2022 ஏப்ரலில் வெளிவந்த சிவிஇ-2022-29464 என்ற பாதுகாப்பு ஓட்டையை நினைத்துப்பாருங்கள். லாகின் இல்லாமலே கோப்பை ஏற்றிச் சர்வரைக் கைப்பற்றலாம். தீவிரம் 10க்கு 9.8. அதுபோன்ற ஒரு வாரத்தில் உங்கள் ஆட்களே சமாளிப்பார்கள் என்றால் சந்தா வேண்டாம்.

கே: மைக்ரோசாஃப்டின் அஷூரில் டெவலப்பர் டியர் (விலைப்படி) மாதம் 50 டாலருக்கும் குறைவு, பிரீமியம் 2,800 டாலர். டெவலப்பரிலேயே லைவ் போகலாமா? (திருச்சி வாசகர்)

ப: கூடாது. டெவலப்பருக்கு எஸ்எல்ஏ (தடையின்றி ஓடும் என்ற உறுதி) கிடையாது, ஒரு யூனிட்டுக்கு மேல் வளராது. நீங்கள் அதைப் பார்க்கக் காரணம் விநெட் என்ற தனி நெட்வொர்க் வசதியாகத்தான் இருக்கும். பழைய டியர்களில் அது டெவலப்பரிலும் பிரீமியத்திலும் மட்டுமே. பின்னாலிருக்கும் சர்வர்களை விநெட் வழியாக எட்டினால் போதுமென்றால் ஸ்டாண்டர்டு வி2 ஏறக்குறைய 700 டாலரில் முடியும். பிரீமியம் எடுத்து அவெயிலபிலிட்டி ஸோன்களில் (ஒரு பகுதிக்குள் தனித்தனி டேட்டா சென்டர்களில்) பரப்பினால் இரண்டு யூனிட்டாவது வேண்டும். 2,800 என்பது 5,600 ஆகும்.

கே: கூகுளின் ஏபிஜி கேட்வேயில் ஒரே அளவு டிராஃபிக்குக்கு ஏன் ஐந்து மடங்கு வித்தியாசம்? (ஹைதராபாத் வாசகர்)

ப: பயன்படுத்தியதற்கு மட்டும் கட்டும் பே-அஸ்-யூ-கோ முறையில், ஸ்டாண்டர்டு ப்ராக்ஸிக்கு (ஏபிஜியில் ஓர் ஏபிஐயின் வாசல்) பத்து லட்சத்துக்கு 20 டாலர், எக்ஸ்டென்சிபிள் ப்ராக்ஸிக்கு 100. ஜாவாஸ்கிரிப்ட், சர்வீஸ் கால்அவுட் போன்ற ஒரே ஒரு பாலிசி (அழைப்பின்மேல் ஓடும் சிறு செயல்) சேர்த்தாலும் அந்த ப்ராக்ஸி எக்ஸ்டென்சிபிள் ஆகிவிடும். ஹெடர் ஒன்றை மாற்ற நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதியிருப்பார்கள். அசைன் மெசேஜ் பாலிசியே அதைச் செய்யும். ப்ராக்ஸி வாரியாகத் தேடிப் பாருங்கள்.

கே: வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேராகப் பணம் கட்டினால் வரி? (திருப்பூர் வாசகர்)

ப: 18 சதவீத ஜிஎஸ்டி ரிவர்ஸ் சார்ஜ் முறையில் உங்கள் தலையில். கிரெடிட்டிலிருந்து கழிக்க முடியாது, ரொக்கமாகக் கட்டிவிட்டுப் பிறகு கிரெடிட் எடுக்கலாம். டிடிஎஸ் பற்றி, 2021 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில், இரட்டை வரி ஒப்பந்தம் உள்ள நாடுகளின் நிறுவனங்களுக்கு மென்பொருளைப் பயன்படுத்த மட்டும் தரும் தொகை ராயல்டி ஆகாது என்று தீர்ப்பளித்தது. அந்தப் பலன் கிடைக்க அவர்களின் வரிவசிப்புச் சான்றிதழ் (அந்த நாட்டு வரிதாரர் என்ற சான்று) வேண்டும். கிளவுட் சேவைக்கு அது பொருந்துமா என்பதை ஒப்பந்தத்தைக் காட்டி ஆடிட்டரிடம் கேளுங்கள். "எல்லா வரியும் போக முழுத் தொகை" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் கவனம்: 20 சதவீதம் பிடிக்க நேர்ந்தால் 100 டாலர் உங்களுக்கு 125 ஆகும்.

கே: லைசென்ஸ் முடியும் நள்ளிரவில் கேட்வே நின்றுவிடுமா? (சென்னை வாசகர்)

ப: தயாரிப்பைப் பொறுத்தது. சில, டிராஃபிக்கை விட்டுக்கொண்டே கான்ஃபிகரேஷனை மட்டும் பூட்டும். சில, ஓடும்வரை ஓடி, ரீஸ்டார்ட் ஆனால் எழாது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கூபர்நெட்டஸில் இது மோசம்: பகலில் எல்லாம் நன்றாயிருக்கும், மாலையில் டிராஃபிக் ஏறி ஆட்டோஸ்கேல் புதிய பாட் (கேட்வேயின் இன்னொரு பிரதி) கேட்கும்போதுதான் தெரியும். வாங்கும்முன் ஒரு வாரத்தில் முடியும் சோதனை லைசென்ஸ் கேளுங்கள். அது முடிந்தபின் ஒரு ரூட் மாற்றுங்கள், ஒரு பாடைக் கொன்று பாருங்கள், புதிய நோடு சேருங்கள். மூன்றின் முடிவையும் எழுதிவைத்து, கருணைக்காலம் எத்தனை நாள் என்பதை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து இருந்தால், வேண்டாம் என்று தெரிவிக்கும் கெடு பெரும்பாலும் 60 அல்லது 90 நாள் முன்னதாக இருக்கும். காலண்டரில் குறிக்கவேண்டியது அந்தத் தேதியை.