ரவுண்ட் செய்யட்டும், எந்த இடத்தில் என்று கேளுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சென்ட் நாணயம் அடிப்பதையே நிறுத்திவிட்டார்களாமே! இனி கடைக்காரர்கள் பில்லை ரவுண்ட் செய்கிறேன் என்று சொல்லி ஏழைகளிடம் பிடுங்க மாட்டார்களா?
– ஒரு வாசகர், கட்டபெட்டு

பதில்: விட்டால் பிடுங்குவார்கள். விடாமல் இருக்க வழி இருக்கிறது. நீலகிரித் தேயிலை ஊரான கட்டபெட்டில் இருந்துகொண்டு ரவுண்ட் செய்வதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் அமெரிக்காவை நாலு வரியில் முடித்துவிட்டு நம் ஊருக்கு வருகிறேன்.

புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட்டை 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்தார்கள். 1793-ல் தொடங்கிய நாணயம் அது. 2024 நிதியாண்டில் அதை ஒன்று அடித்து வெளியே அனுப்ப 3.69 சென்ட் செலவானது. அதன் எடை 2.5 கிராம். அதில் 97.5 சதவீதம் துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. அந்த ஓர் ஆண்டில் இதனால் வந்த நஷ்டம் மட்டும் 8.5 கோடி டாலருக்கு மேல். நிறுத்தியது சரி. ஏற்கெனவே மக்களிடம் இருப்பவை செல்லும்.

தவறு வேறு இடத்தில் நடந்தது. நாணயத்தை நிறுத்தியவர்கள், ரொக்கப் பில்லை எப்படி ரவுண்ட் செய்வது என்று நாடு முழுவதற்கும் ஒரு விதியைச் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. வாடிக்கையாளருக்கு நஷ்டம் வரக்கூடாதென்று சில கடைகள் எப்போதும் கீழே இறக்கின. சில கடைகள் 'சரியான சில்லறை கொடுங்கள்' என்று அட்டை எழுதி மாட்டின. இன்னொன்றும் இருக்கிறது. அடுத்த சிறிய காசான ஐந்து சென்ட்டை அடிக்க அதே ஆண்டில் 13.78 சென்ட் ஆனது. எல்லாப் பில்லும் ஐந்தின் மடங்கில் முடிந்தால் அந்தக் காசு இன்னும் அதிகமாகத் தேவைப்படும். மிச்சம் பிடித்த பணம் அந்த வழியில் ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கனடாவைப் பாருங்கள். 2012 மே மாதம் கடைசி சென்ட்டை அடித்தார்கள். வங்கிகளுக்கு அனுப்புவதை 2013 பிப்ரவரி 4 அன்று நிறுத்தினார்கள். அந்தத் தேதி வருவதற்குள் விதியைச் சொல்லிவிட்டார்கள். பொருள்களின் விலையைத் தொடாதே. வரியையும் சேர்த்து மொத்தம் போடு. அந்த மொத்தத்தை ஒரே ஒரு முறை ரவுண்ட் செய். கடைசி இலக்கம் 1, 2 என்றால் கீழே பூஜ்யத்துக்கு, 3, 4 என்றால் மேலே ஐந்துக்கு. 6, 7 என்றால் கீழே ஐந்துக்கு, 8, 9 என்றால் மேலே பத்துக்கு. 18.42 டாலர் என்றால் 18.40, 18.43 என்றால் 18.45. கார்டில் கட்டினால் ரவுண்டே கிடையாது, சென்ட் வரை அப்படியே. இதில் ஒரு பில்லுக்கு யாருக்கும் இரண்டு சென்ட்டுக்கு மேல் கூடாது, குறையாது.

இதே ரவுண்டைப் பொருளுக்குப் பொருள் செய்து பாருங்கள். 1.98 டாலர் வீதம் ஐந்து பொருள். மொத்தம் 9.90, ரவுண்டுக்கு வேலையே இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே 2.00 ஆக்கிக் கூட்டினால் 10.00. பத்து சென்ட் கடைக்காரர் பக்கம் போய்விட்டது. இரண்டிலும் ரவுண்ட் செய்யும் முறை ஒன்றுதான், செய்த இடம்தான் வேறு.

இப்போது மலைக்கு வருவோம். கோத்தகிரி, குன்னூர், குந்தா, மஞ்சூர் பக்கம் பச்சைத் தேயிலை கொடுக்கிற சிறு விவசாயிக்கு மளிகைக் கடை பில்லில் போவது அதிகபட்சம் ஐம்பது பைசா. அவர் பணம் போவது தராசில். தேயிலை வாரியம் மாதாமாதம் சொல்கிற கிலோ விலை பைசாவோடுதான் வருகிறது. தேயிலைத் தூளின் ஏல விலையில் நூற்றுக்கு 65 விவசாயிக்கு, 35 தொழிற்சாலைக்கு என்று கணக்குப் போட்டு வரும் விலை அது. அந்தப் பைசாவை ரூபாயாகவும், எடையில் உள்ள கிராமைக் கிலோவாகவும் கீழே தள்ளினால் என்ன ஆகும்?

ஒரு கணக்குக்குக் கிலோ 20 ரூபாய் 40 பைசா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் இலை: 23.7, 18.4, 31.9, 26.6, 20.8 கிலோ. மொத்தம் 121.4 கிலோ. பணம் 2,476 ரூபாய் 56 பைசா. தினமும் சீட்டில் 23, 18, 31, 26, 20 என்று எழுதினால் மொத்தம் 118 கிலோ. விலையையும் 20 ரூபாய் ஆக்கினால் 2,360. ஐந்து நாளில் 116 ரூபாய் 56 பைசா காணோம். முறையாகச் செய்து கடைசித் தொகையை மட்டும் ரூபாய்க்கு ரவுண்ட் செய்திருந்தால் 2,477. விவசாயிக்கு 44 பைசா கூடவே வந்திருக்கும். கனடாவில் மேலேயும் கீழேயும் போகிற ரவுண்ட், இலைத் தராசில் கீழே மட்டும் போகிறது. அதற்கு ரவுண்ட் என்று பேர் வைப்பதே தப்பு. அது பிடித்தம்.

இதைச் சொன்னால், இலையை வாங்கித் தொழிற்சாலைக்குக் கொடுக்கிற ஏஜென்டுகளில் சிலர் கோபித்துக்கொள்வார்கள். தொழிற்சாலையில் தங்களுக்கும் கழிக்கிறார்கள் என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் கழிவைச் சீட்டில் கழிவு என்றே எழுதட்டும். சீட்டில் நாலு கட்டம் போதும்: தராசு காட்டிய எடை, சாக்கு எடை, ஈரக் கழிவு, நிகர எடை. நாலையும் 100 கிராம் துல்லியத்துக்கு எழுத வேண்டும்.

சாக்கு எடையை வாய்க்கணக்கில் 'சாக்குக்கு ஒரு கிலோ' என்று விடாதீர்கள். இலையைக் கொட்டிய பிறகு அதே சாக்கை, நனைந்திருந்தால் நனைந்தபடியே, தராசில் வையுங்கள். இலை ஏற்றும் முன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான். தட்டில் தேங்கிய மழைத் தண்ணீரும் ஒட்டிக்கிடக்கிற இலையும் பூஜ்யத்தை நகர்த்திவிடும். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை போட வேண்டும். முத்திரைச் சான்றைத் தராசு இருக்கும் இடத்தில் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

தென்மேற்குப் பருவமழையில் ஈரக் கழிவுதான் பெரிய சண்டை. இலையில் தண்ணீர் இருப்பது நிஜம், தண்ணீருக்குத் தொழிற்சாலை பணம் கொடுக்காது என்பதும் நியாயம். ஆனால் எவ்வளவு தண்ணீர்? சாக்கின் நடுவிலிருந்து ஒரு கிலோ இலை எடுங்கள். மேலிருந்து எடுத்தால் காற்றில் உலர்ந்த இலை வரும், அடியிலிருந்து எடுத்தால் வடிந்த தண்ணீரில் ஊறியது வரும். இரண்டும் தப்பான கணக்கு தரும். காய்ந்த துணியில் பரப்பி, கசக்காமல் ஒற்றி, மறுபடி எடை போடுங்கள். 60 கிராம் குறைந்தால் 100 கிலோவுக்கு 6 கிலோ கழிவு. அதைக் கொடுத்துவிடுங்கள். பத்துக் கிலோ கேட்டால் கொடுக்காதீர்கள். வெயில் நாளில் ஈரக் கழிவுக் கட்டத்தில் எண்ணே வரக்கூடாது.

மாதக் கடைசியில் நிகர எடையைக் கூட்டி, பைசாவோடு உள்ள விலையால் பெருக்க வேண்டும். பணம் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது என்றால் ரவுண்டே வேண்டாம். வங்கிக் கணக்கில் பைசா இன்றும் இருக்கிறது. நம் நாட்டில் 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-ஓடு போய்விட்டன, 50 பைசா மட்டும் சட்டப்படி செல்லும். ஆனால் காசு போனதால் கணக்கில் பைசா போய்விடவில்லை. 'பைசா எல்லாம் இப்போது ஏது' என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

காசைப் பற்றிக் கேட்டதால் என் பழைய புகாரையும் சொல்லிவிடுகிறேன். பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கிற கடைகள் இன்னும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. பதினான்கு வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ரூபாய்க் குறி இருப்பதும் செல்லும், இல்லாததும் செல்லும். கதிர்க்கோடு பத்து இருந்தாலும் பதினைந்து இருந்தாலும் செல்லும். நாணயச் சட்டப்படி ஒரு கொடுக்கல் வாங்கலில் ஆயிரம் ரூபாய் வரை நாணயமாகக் கொடுக்கலாம். வங்கியில் போடுவதற்கு உச்சவரம்பு இல்லை.

வங்கிக்குக் கொண்டுபோகும் கடைக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். நூறு நூறாகப் பாலிதீன் பையில் கட்டுங்கள், எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். ஒரு ரூபாய் என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டால் எடை உதைக்கும். 2007-ல் வந்த, கட்டைவிரலை உயர்த்திய கை பொறித்த காசு 4.85 கிராம், 2011 வரிசை 3.79, 2019 வரிசை 3.09. நூறு காசுக்கு 485, 379, 309 கிராம். இன்னொரு வம்பு: அந்த 4.85 கிராம் ஒரு ரூபாயும் 2011 வரிசை இரண்டு ரூபாயும் எடையிலும் ஒன்று, 25 மில்லிமீட்டர் விட்டத்திலும் ஒன்று. தராசுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த இரண்டை மட்டும் கண்ணால் பார்த்துப் பிரித்த பிறகு கட்டுங்கள்.