டிரெட்மில் காட்டும் எண்ணும் பத்துமலைப் படிகளும்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டி ஓய்வு பெற்றவன் நான். வயது 61, எடை 70 கிலோ. போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், இதயத் துடிப்பைக் குறைக்கும் பிசோப்ரோலோல் மாத்திரை சாப்பிடுகிறேன். மருத்துவமனை டிரெட்மில் சோதனையில் 7 மெட் (சும்மா இருக்கும்போது உடலுக்கு ஆகும் செலவைப் போல் 7 மடங்கு) வரைதான் முடிந்தது. ஆனால் டவுன் ஜிம்மில் 5 கிலோமீட்டர் வேகம், 10 விழுக்காடு ஏற்றம் வைத்து நடக்கிறேன், மெஷின் 7.7 மெட் என்கிறது. தேறிவிட்டேனா? தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோவிலில் பால்குடம் எடுக்கலாமா?

பதில்: ஐயா, ஏற்றத்தில் நடக்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறீர்கள்தானே? முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

மெஷின் உங்கள் மூச்சை அளப்பதில்லை. வேகத்தையும் ஏற்றத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 83 மீட்டர். சமதளத்தில் மீட்டருக்கு 0.1 வீதம் 8.3, சும்மா இருக்கும்போதே உடல் எடுக்கும் 3.5-ஐக் கூட்டினால் 11.8. அதாவது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 11.8 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன். உங்கள் எடைக்கு முக்கால் லிட்டருக்கும் சற்று மேல். அந்த 3.5-தான் ஒரு மெட், ஆகவே 11.8 என்பது 3.4 மெட். ஏற்றம் வந்தால் 83-ஐ 1.8-ஆலும், ஏற்றத்தாலும் (10 விழுக்காட்டுக்கு 0.1) பெருக்கி இன்னொரு 15 சேர்க்க வேண்டும். மொத்தம் 26.8, அதாவது 7.7 மெட். மெஷின் கூட்டலில் தப்பில்லை. ஆனால் கையை வீசி நடப்பவருக்கான சூத்திரம் இது. கைப்பிடியில் பாரத்தைப் போட்டால் உண்மையான செலவு நன்றாகவே குறைந்துவிடும். திரையில் எண் மாறாது. அதோடு, ஒரே வேகத்தில் சில நிமிடம் நடந்த பிறகுதான் இந்தக் கணக்கு பொருந்தும். சரியாக நடந்தாலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு.

மருத்துவமனையில் இசிஜியைப் பார்த்துக்கொண்டே எடுத்த 7 மெட்டைத்தான் நான் நம்புவேன். அதுவும் உங்கள் உச்சம். தினமும் அந்த உச்சம் வரை போகக் கூடாது. கைப்பிடியை விட்டு, 4 கிலோமீட்டர் வேகம், 3 விழுக்காடு ஏற்றத்தில் நடங்கள். ஏறக்குறைய 4 மெட் வரும். நாடித்துடிப்பை வைத்து அளக்காதீர்கள். பிசோப்ரோலோல் அதை அடக்கி வைத்திருக்கும். ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச மூச்சு போதவில்லை என்றால் வேகம் அதிகம்.

சரி, பத்துமலை. 272 படி. மெதுவாக ஏறினால் சுமார் 4 மெட், விறுவிறு என்று ஏறினால் 9-ஐத் தொடும். கூட்டம் பின்னால் தள்ளும்போது வேகம் உங்கள் கையில் இல்லை. தலையில் பால்குடம், வெயில், விரதம் எல்லாம் இதற்கு மேல். வெயிலில் உடலைக் குளிர்விக்கவும் இதயம் கூடுதலாக உழைக்கும். எந்த மெஷின் கணக்கிலும் அது வராது. அதனால் இந்த வருடம் பால்குடம் வேண்டாம் என்பேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். இதய மருத்துவர் சரி என்றால், கூட்டமில்லாத ஒரு நாள் காலையில், துணைக்கு ஆளோடு, நின்று நின்று ஏறுங்கள். விரதம் என்று மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடுங்கள்; கூட வந்தவர் 999-ஐ அழைக்கட்டும்.