45-ஆ, 48-ஆ? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'மான்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்' என்ற பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரை வட்டுகளில் முதலிலிருந்து பார்க்கிறேன். எந்த எபிசோட் என்றைக்கு ஒளிபரப்பானது என்று ஒரு நோட்டில் அட்டவணையும் போட்டு வருகிறேன். எல்லோரும் மொத்தம் 45 என்கிறார்கள், எனக்கு 48 வருகிறது. முதல் எபிசோடுக்கு ஓரிடத்தில் 1969 செப்டம்பர் 7 என்றும் இன்னோரிடத்தில் அக்டோபர் 5 என்றும் போட்டிருக்கிறது. நவம்பரில் இரண்டு வாரம் காலியாக நிற்கிறது. ஏதாவது அழிந்துபோய்விட்டதா? கடைசி ஆறுக்குப் பெயரே வேறாக இருப்பது ஏன்?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

45 என்பதுதான் சரி. உங்கள் நோட்டில் கூடுதலாக ஏறிய மூன்றும் எவை என்று ஊகிக்க முடிகிறது. இரண்டு, மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சிக்காக பவேரியாவில் தனியாக எடுத்தவை. 1972-இல் அங்கே ஒளிபரப்பாயின. அவற்றில் முதலாவதில், தொடரை எழுதி நடித்த ஆறு பேர் குழு ஜெர்மன் மொழியிலேயே பேசி நடித்தது. மூன்றாவது, 1971-இல் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ விழாப் போட்டிக்காகப் பழைய ஸ்கெட்ச்களை, அதாவது குட்டி நகைச்சுவைக் காட்சிகளை, கோத்துச் செய்த தொகுப்பு. வெள்ளி ரோஜா விருது வாங்கியது. மூன்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தேதிக் குழப்பத்துக்குக் காரணம், படம்பிடித்த நாளும் ஒளிபரப்பான நாளும் ஒரே பத்தியில் கலந்துகிடப்பதுதான். பார்வையாளர்களை உட்கார வைத்து முதன்முதலாக ஸ்டுடியோவில் பதிவானது 'செக்ஸ் அண்ட் வயலன்ஸ்' எபிசோட், 1969 ஆகஸ்ட் 30-இல். அது இரண்டாவதாக, அக்டோபர் 12-இல்தான் வந்தது. செப்டம்பர் 7-இல் பதிவான 'விதர் கனடா' முந்திக்கொண்டு அக்டோபர் 5-இல் வந்தது. இரண்டாம் சீசனின் தொடக்கமும் இப்படித்தான். ஸ்பானிஷ் இன்குவிசிஷன் ஸ்கெட்ச் உள்ள எபிசோட் 1970 ஜூலை 2-இல் பதிவாகி செப்டம்பர் 22-இல் வந்தது. சில்லி வாக்ஸ் உள்ள எபிசோட் ஒரு வாரம் பிந்திப் பதிவாகி ஒரு வாரம் முந்தி வந்தது. ஆகவே முதல் வேலையாகப் பத்தியை இரண்டாகப் பிரியுங்கள்.

பிரித்த பிறகு கிழமையை வைத்துச் சலியுங்கள். முதல் சீசன் முழுக்க ஞாயிறு, இரண்டாவது செவ்வாய், மூன்றாவதும் நான்காவதும் வியாழன். அந்தக் கிழமையில் விழாத தேதி பதிவுத் தேதியாகவோ மறுஒளிபரப்பாகவோ இருக்கும், இல்லையென்றால் அச்சுப்பிழை. ஆனால் இந்தச் சல்லடை மட்டும் போதாது. செப்டம்பர் 7-ம் ஞாயிற்றுக்கிழமைதான், அதனால்தான் அது உங்களிடம் நழுவி உள்ளே வந்திருக்கிறது. சீசனின் தொடக்க நாளையும் முடிவு நாளையும் வேலியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சீசன் 1969 அக்டோபர் 5 முதல் 1970 ஜனவரி 11 வரை. அதற்குள் 15 ஞாயிறுகள், எபிசோட் 13. நவம்பர் 2, 9 இரண்டு நாளும் போடவில்லை. இரண்டாவது 1970 செப்டம்பர் 15 முதல் டிசம்பர் 22 வரை. 15 செவ்வாய்களில் அக்டோபர் 6, 13 போக 13. மூன்றாவது 1972 அக்டோபர் 19 முதல் 1973 ஜனவரி 18 வரை. 14 வியாழன்களில் டிசம்பர் 28 மட்டும் இல்லை. நான்காவது 1974 அக்டோபர் 31 முதல் டிசம்பர் 5 வரை, இடைவெளி இல்லாமல் ஆறு. கூட்டினால் 45, அத்தனையும் இன்று கைவசம் இருக்கின்றன. அந்தக் காலத்தில் இரண்டு அங்குல வீடியோ நாடா விலை அதிகம் என்பதால், அழித்துவிட்டு அதிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவது பிபிசியில் சாதாரணம். அப்படியொரு காலத்தில் ஒரு நகைச்சுவைத் தொடர் முழுசாகத் தப்பியது பெரிய விஷயம்.

நீங்கள் காலி என்று எழுதிய அந்த நவம்பர் இடைவெளியில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. இந்தத் தொடர் அப்போது ஓடிய பிபிசி 1 சேனல் முறைப்படி வண்ணத்துக்கு மாறியது 1969 நவம்பர் 15, சனிக்கிழமை. ஐந்தாவது எபிசோட் மறுநாள் வந்தது. முதல் நான்கும் ஸ்டுடியோவில் வண்ணத்தில் பதிவானவை, ஆனால் அன்று வீடுகளுக்குப் போய்ச்சேர்ந்தது கறுப்பு வெள்ளையில்தான். குழுவில் ஒருவரான டெர்ரி கில்லியமின் வெட்டி ஒட்டிய அனிமேஷன் முதல் நான்கு வாரம் சாம்பல் நிறத்தில் ஓடியிருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், அதில் உருவங்களின் விளிம்பும் அசைவும் எவ்வளவு வேலை செய்கின்றன என்று தெரியும். அட்டவணையில் அதற்கொரு குறி போடுங்கள்.

ஒளிபரப்பு நேரத்தையும் எழுதி வையுங்கள் என்பேன். முதல் சீசன் ஞாயிறு இரவு வெகுநேரம் கழித்து. இரண்டாவது செவ்வாய் இரவு பத்து மணிக்கு மேல். வட்டார நிலையங்கள் விரும்பினால் சொந்த நிகழ்ச்சியைப் போட்டுக்கொள்ளலாம் என்ற நேரம் அது. அதனால் 1970-இல் நாடு முழுக்க எல்லோரும் ஒரே இரவில் இதைப் பார்த்தார்கள் என்று எழுதினால் தப்பு. நேரம் தெரியாமல் சில நகைச்சுவை பிடிபடவும் செய்யாது. டிசம்பர் 22-இல் வந்த 26-ஆவது எபிசோடில், ராணி எந்த நேரமும் இந்த நிகழ்ச்சிக்கு மாறக்கூடும் என்று அறிவிக்கிறார்கள். மாறியதாகச் சொன்னதும் ஸ்கெட்ச் விறைப்பாகிறது. பிறகு அவர் செய்திக்குத் திருப்பிவிட்டார் என்கிறார்கள். உடனே போட்டிச் சேனலான ஐடிவியின் பத்து மணிச் செய்தி வாசிப்பாளர் ரெஜினால்ட் போசன்கெட்டே திரையில் வருகிறார். வாசித்துக்கொண்டே, தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கிறார். அதே நேரத்தில் எதிர்ச் சேனலில் உண்மையாகவே ஓடும் செய்தி அது. இன்று வட்டில் பார்ப்பவருக்கு அந்தப் பாதி தெரியாது.

அதே எபிசோடின் முடிவில் வரும் பிணப்பெட்டிக்காரர் ஸ்கெட்சையும் சரிபாருங்கள். பார்வையாளர்கள் கொதித்தெழுந்து கூச்சலிடுவது கேட்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பிபிசி அதை விட்டது. முன்பு சில பிரதிகளில் அந்தப் பகுதியே இல்லை. மூன்றாம் சீசனில், பிரெஞ்சு எழுத்தாளர் ப்ரூஸ்டின் நாவலைச் சுருக்கிச் சொல்லும் போட்டி ஸ்கெட்சில் ஒரு சொல்லின் ஒலியை அடைத்திருக்கிறார்கள். வாய் அசையும், சத்தம் வராது. உங்கள் வட்டில் பழுது என்று நினைக்க வேண்டாம்.

படத்தின் தரம் திடீரென மாறுவதும் பழுதல்ல. உள்ளே எடுத்தது வீடியோ நாடா, வெளியே எடுத்தது ஃபிலிம். 1970 அக்டோபர் 27 எபிசோடில் இதையே ஒரு ஸ்கெட்சாக்கியிருக்கிறார்கள். அறையிலிருப்பவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் ஃபிலிமுக்குள் நிற்கிறார்கள், அலறி உள்ளே ஓடிவந்து, ஃபிலிம் நம்மைச் சூழ்ந்துவிட்டது என்கிறார்கள். இந்தத் தொழில்நுட்பத்தை விளக்க அந்த ஒரு காட்சியே போதும்.

கடைசி ஆறு: மூன்றாம் சீசனோடு குழுவின் ஜான் க்ளீஸ் விலகினார். மற்ற ஐவரும் 1974-இல் வெறும் 'மான்டி பைத்தான்' என்ற பெயரில் பிபிசி 2 சேனலில் செய்தார்கள். சேனலுக்கென்று ஒரு பத்தி தேவைப்படுவது இதற்காகத்தான்.

அமெரிக்கத் தேதிகள் எதையும் இதில் கலக்காதீர்கள். 1974-இல் டாலஸ் நகரின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் விளம்பர இடைவெளி இல்லாமல் போட்டது, அதனால் வெட்டு விழவில்லை. 1975-இல் ஏபிசி என்ற அமெரிக்கச் சேனல் செய்தது வேறு. நான்காம் சீசனின் ஆறையும் மும்மூன்றாக இணைத்து 90 நிமிடச் சிறப்பு நிகழ்ச்சி இரண்டாக்கியது. அக்டோபரில் வந்த முதலாவதில் மூலத்தின் 90 நிமிடத்தில் 24 நிமிடம் காணாமல்போனது. கொஞ்சம் விளம்பரத்துக்கு இடம்விட, மீதி ஆபாசம் என்று. எழுத்தாளர்களைக் கேட்காமல் சிறு மாற்றங்களுக்கு மேல் செய்யக்கூடாது என்று பிபிசியோடு ஒப்பந்தம் இருந்தது. உரிமை டைம் லைஃப் என்ற விநியோக நிறுவனம் வழியாக ஏபிசிக்குக் கைமாறியபோது அந்தக் கட்டுப்பாடு கூடவே போகவில்லை. குழு வழக்குப் போட்டது. 1976 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்று, வெட்டிய வடிவத்தை ஒளிபரப்பத் தடை விதித்தது. உங்கள் அட்டவணையில் '90 நிமிடம்' என்று எங்காவது வந்திருந்தால் அது இங்கிருந்து ஏறியதாக இருக்கலாம். எடுத்துவிடுங்கள்.