ஈ.சி.ஜி. நார்மல், ஆனாலும் கழுத்து வலியும் நெஞ்செரிச்சலும்

ஈ.சி.ஜி. நார்மல் என்றார்கள், ஆனாலும் கழுத்து வலியும் நெஞ்செரிச்சலும் அசதியும் விடவில்லையே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்பதால் உங்கள் வலி கற்பனை ஆகிவிடாது. வலி நிஜம்தான்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மீன் கம்பெனிக் கணக்கு வேலை, ராத்திரி லோடு ஏறும்வரை போனும் கையுமாக இருக்கிறேன் என்கிறீர்கள். ஓயாத வேலை அழுத்தம் காரணமாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. உடம்பு எந்நேரமும் உஷாராகவே இருந்தால் தோளும் தாடையும் இறுகும், தூக்கம் கெடும், செரிமானம் தடுமாறும். தூங்கி எழும்போது தாடை வலிக்கிறதா, பாருங்கள்.

யோசித்துப் பாருங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கரையில் நின்றபோது வலி குறைந்ததா? டாக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். அசதியும் இருப்பதால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் நெஞ்சை அழுத்தி, வியர்த்து, கைக்கு வலி பரவினால் 'டென்ஷன்தான்' என்று படுத்துவிடாதீர்கள். பழைய ஈ.சி.ஜி.யை நம்பாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.