அந்த மின்னஞ்சலுக்குப் பணம் கட்டாதீர்கள், ஐயா

உங்கள் பெண்ணுக்கு மின்னஞ்சலில் வந்த, பணம் கட்டச் சொல்லும் மாநாட்டு அழைப்பைப் படித்தேன். 'மதிப்புக்குரிய டாக்டர் அவர்களே' என்று தொடங்குகிறது. அவர் இன்னும் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டில்தான் இருக்கிறார்! அதே ஓட்டலில் அதே நாளில் சிறுநீரகம், பல், உணவியல் என்று மூன்று மாநாடாம். நகையை அடகு வைக்கும் பேச்சை இப்போதைக்கு நிறுத்துங்கள்.

இப்படி மாநாடு என்று அழைத்துப் பணம் பறிப்பது புதிய வியாபாரம் இல்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனம், மாநாடுகள், ஆய்விதழ்கள் பெயரில் ஆராய்ச்சியாளர்களை ஏமாற்றியதாக 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தச் சொன்னது.

சரி, மாநாடே வேண்டாமா? வேண்டும். உங்கள் பெண் ஆராய்வது சிறுநீரகத்தில் உள்ள போடோசைட் என்னும் செல்லை. ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. அவற்றின் நுண்ணிய ரத்தக்குழாய்களை இந்தச் செல்கள் விரல் கோத்ததுபோல் பிடித்திருக்கும். பிடி தளர்ந்தால் புரதம் ஒழுகும். சர்க்கரை நோய் முற்றியவர்களுக்குச் சிறுநீர் நுரைப்பது பெரும்பாலும் இதனால்தான். இழந்த செல்லுக்கு ஈடாக மற்றவை பிரிந்து பெருகுவதும் இல்லை. 1998-ல், இந்தப் பிடிக்குத் தேவையான நெஃப்ரின் என்னும் புரதத்தின் மரபணு கண்டறியப்பட்ட பிறகு இத்துறை வேகம் பிடித்தது.

இந்த ஒரு செல்லுக்கென்றே சர்வதேச போடோசைட் மாநாடு இருக்கிறது. 2018-ல் மான்ட்ரியாலிலும், 2023-ல் பிலடெல்பியாவிலும் நடந்தது. அமெரிக்காவின் 'கிட்னி வீக்' என்னும் சிறுநீரக மாநாடு பல்லாயிரம் பேர் கூடும் திருவிழா. அதில் மாணவர் தொலைந்துபோவார். என்னைக் கேட்டால் சின்னக் கூட்டம்தான் லாபம்.

அங்கே யாரும் புகழ்ந்து அழைக்க மாட்டார்கள். நாம்தான் ஆய்வுச் சுருக்கம் அனுப்ப வேண்டும், அவர்கள் நிராகரிக்கவும் செய்வார்கள். தேர்வானால் பெரும்பாலும் ஆய்வைப் படத்தாளாக ஒட்டிவைத்து விளக்கும் போஸ்டர் வாய்ப்புதான் கிடைக்கும். 'மேடை இல்லையா?' என்று வருத்தப்படாதீர்கள். போஸ்டர் பக்கத்தில் நிற்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான், அவர் படித்த கட்டுரைகளை எழுதியவர்களே வந்து, 'இந்தச் செல்லை எத்தனை நாள் வளர்த்தீர்கள்?' என்று கேட்பார்கள். போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு வேலைக்கான பேச்சு பல நேரம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

செலவுக்கு முதலில் மாணவர் கட்டணச் சலுகை, பயண உதவித்தொகை உண்டா என்று மாநாட்டு அறிவிப்பில் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) போன்ற அரசு அமைப்புகளின் பயண உதவி. இவற்றுக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பும் முன் அவருடைய ஆய்வு கைடு ஒருமுறை படித்துத் திருத்தட்டும்.