ஒருவர் வாய் திறந்து சொல்லாமலே ஒன்றை ஏற்றுக்கொண்டார் என்று எப்படி அறிவது? மௌனம் சம்மதம்தானா?

மௌனத்தை மட்டும் வைத்துக்கொண்டு அறிய முடியாது என்பதே என் அனுபவம். என் தங்கை, தன்னுடன் வேலை செய்த சீன இளைஞரைத் திருமணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்ன இரவு, அப்பா சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு படுக்கப் போய்விட்டார். அடுத்த ஐந்து மாதங்களும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. "மௌனம் சம்மதம்தானே" என்று அம்மா தங்கையைத் தேற்றினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிடிக்காத செய்தி எது வந்தாலும் அப்பா அப்படித்தான் இருப்பார்.

பேசாதிருப்பதை ஒப்புதலாகவே கொள்ளும் இடமும் சிங்கப்பூரில் உண்டு. 1987இல் இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, 21 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வேண்டாமென்று எழுதிக் கொடுக்காத வரையில், பொதுவாக அவர்கள் இறந்தபின் உறுப்புகளை மாற்றுச் சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் சிறுநீரகத்துக்கு மட்டும் இருந்த அந்த ஏற்பாடு, 2004இல் கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. ஆனால் அங்கே மௌனத்துக்கு என்ன பொருள் என்பது முன்பே அறிவிக்கப்பட்டிருக்கிறது. மறுப்பதற்குப் படிவமும் இருக்கிறது. அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் முன்னால் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் புதியவருக்கு அப்படி எந்தப் படிவமும் கிடையாது. அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று குறிப்பெழுதுவது அநியாயம்.

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு, அரசவைக்கு ஒன்றும் (71) காதலுக்கு ஒன்றுமாக (110) இரண்டு அதிகாரங்களுக்கு இருக்கிறது. பின்னதில் வரும் பெண், அவன் பார்க்கும்போது நிலத்தைப் பார்க்கிறாள். பார்க்காதபோது அவனைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள். அவள் பேசாததையா வள்ளுவர் சான்றாகக் காட்டுகிறார்? பார்வையையும் சிரிப்பையும் அல்லவா காட்டுகிறார்!

எங்களுக்கும் அப்படி ஒரு குறிப்பு, தீபாவளிக்கு முந்திய வாரம் சிராங்கூன் சாலைத் துணிக்கடையில்தான் கிடைத்தது. வழக்கம்போல் அவருக்கும் எனக்குமாக இரண்டு வேட்டிகள் எடுத்தபின், மூன்றாவதாக, இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டி ஒன்றை எடுத்துத் தரும்படி அப்பா கடைக்காரரிடம் கேட்டார். எங்கள் வீட்டு ஆண்களில் வேட்டி கட்டத் தெரியாதவர் எவரும் இல்லை. அதற்குப் பொருத்தமாக ஒரு சட்டையும் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் பையைத் தங்கையிடம் கொடுத்து, அளவு சரியில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார்.