பேராசிரியர்கள் ஏன் பதில் போடவில்லை?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். வெளிநாட்டில் சம்பளத்தோடு பி.எச்டி. செய்ய ஆசை. பேராசிரியர்கள் பலருக்கு சிவியை இணைத்து மெயில் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. என் மதிப்பெண் 68 சதவீதம்தான். அதுதான் காரணமா, ஐயா?

பதில்: மதிப்பெண்ணால் என்று எனக்குத் தோன்றவில்லை அம்மா. கேள்வியோடு நீங்கள் வைத்திருந்த மெயிலைப் படித்தேன். 'உங்கள் ஆய்வு என்னை மிகவும் ஈர்த்தது' என்கிறீர்கள். எந்த ஆய்வு என்று ஒரு வரிகூட இல்லை. பேட்டரிப் பொருள்களில் வேலை செய்யும் எங்கள் குழுவுக்கும் இதே வாசகத்தோடு மெயில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. முகவரியை மாற்றினால் வேறொருவருக்கும் பொருந்துகிற கடிதம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளில் பி.எச்டி. இடம் பெரும்பாலும் ஒரு வேலைதான். திட்டத்துக்கு நிதி கிடைத்ததும் விளம்பரம் வரும். அதில் கேட்டபடி, கடைசித் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யூராக்ஸெஸ் தளத்தையும் பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களையும் வாராவாரம் பாருங்கள். ஜெர்மன் விளம்பரத்தில் 'டிவி-எல் இ13, 65 சதவீதம்' என்றிருந்தால், அந்த அரசு ஊதிய நிலையின் முழுச் சம்பளத்தில் 65 சதவீதம் என்று பொருள். அமெரிக்காவில் வழி வேறு: பெரும்பாலும் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும், கடைசித் தேதி பல இடங்களில் டிசம்பரில் வரும்.

மரீ க்யூரி பெயரில் பி.எச்டி. இடங்கள் தரும் ஐரோப்பிய ஆய்வு வலையமைப்புகளில் ஒரு விதி இருக்கிறது. பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், வேலை தரும் நிறுவனம் இருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ வேலை, படிப்பு என்று இருந்திருக்கவோ கூடாது. உங்களுக்கு இது சாதகம். 'முதலில் அங்கே போய் இன்னொரு முதுநிலை படிக்கலாமா' என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டு வருடம் ஜெர்மனியில் படித்துவிட்டு உடனே ஜெர்மனியிலேயே இந்த இடங்களுக்கு முயன்றால் தகுதி போய்விடும். யோசித்து முடிவெடுங்கள்.

சரி, கடிதத்துக்கு வருவோம். துத்தநாக ஆக்ஸைடு மென்படலம் செய்தது உங்கள் சிவியின் இரண்டாம் பக்கத்தில், கடைசி வரியில் கிடக்கிறது. எனக்கு வேண்டியதே அதுதான்! படலம் சூடேற்றும்போது விரிசல் விட்டதா? வெப்பநிலையை மெதுவாக ஏற்றிப் பார்த்தீர்களா, ஒவ்வொரு அடுக்கையும் மெலிதாக்கினீர்களா? படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல்) அளவீட்டை நீங்களே எடுத்தீர்களா, வேறொருவர் எடுத்த படத்தை வாங்கிப் போட்டீர்களா? தேர்வுக்குழுவில் உட்காரும்போது நான் இதைத்தான் கேட்பேன். சரியாக வராத ஒரு சோதனையைக் காரணத்தோடு விளக்கத் தெரிந்தவரை, 90 சதவீதம் வாங்கி அது தெரியாதவருக்கு முன்னால் வைப்பேன். விளம்பரத்தில் உள்ள திட்டம், அந்தக் குழுவின் சமீபத்திய கட்டுரைகளில் ஒன்றிரண்டு, உங்கள் மென்படலம்: இந்த மூன்றும் ஒட்டுகிற இடத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று விண்ணப்பம் போதும்.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: நிதி எத்தனை மாதத்துக்கு, ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா, இப்போது அங்கிருக்கும் மாணவர்களோடு தனியாகப் பேச முடியுமா என்று. கேட்கத் தயங்காதீர்கள்.

பரிந்துரைக் கடிதத்தை உங்களை அதிகம் அறியாத துறைத்தலைவரிடம் வாங்குவதைவிட, ஆய்வகத்தில் கூடவே நின்ற வழிகாட்டியிடம் வாங்குங்கள். அவருக்கு மூன்று வாரமாவது அவகாசம் கொடுத்து, விளம்பரத்தையும் உங்கள் கடிதத்தையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.